காலையில் பிடிக்காத கீ: ராமநாதபுரம் கரையோரத்துக்கு எந்தக் கேமிங் கீபோர்டு, எந்த மவுஸ்?

கடலோர வீட்டில் கீபோர்டு கெட ஆரம்பிப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. விடிகாலையில் 'டபிள்யூ' கீ பிடிக்காது, அல்லது ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும். பதினோரு மணி வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காததுபோல வேலை செய்யும். கடைக்காரரிடம் மதியம் கொண்டுபோனால் "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பித் தருவார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியத் தொடங்கும். வாலிநோக்கம் உப்பளத்து மூட்டைக்கு அடியில் தரை ஈரமாக இருப்பது எதனாலோ, அதனால்தான் கீபோர்டுக்குள் படிந்த உப்புத்தூளும் இரவில் நீர்கோக்கிறது. நீர்கோத்த உப்பு மின்சாரம் கடத்தும், செம்பில் களிம்பு ஏற்றும், இரும்பில் துரு பிடிக்கவைக்கும். வெயிலில் அது காய்ந்தால் கோளாறு மறையும். களிம்பு மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும்.

இந்தக் கரையின் அரிப்பு ஊரறிந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் கொடுத்தது இதற்காகத்தான். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் தனியாக ஒரு கிளையே வைத்திருக்கிறது. அதே காற்றில் வைக்கப்போகும் 2,000 ரூபாய்ச் சாமானுக்கு என்ன பூச்சு இருக்கும்? ஆகவே விளக்கு எத்தனை வண்ணத்தில் எரிகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளே உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் இடம் எத்தனை, அதை நம் கையால் மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வீடு எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. காற்றில் வரும் உப்பு, அலை உடையும் இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே பெருமளவு இறங்கிவிடும். ராமநாதபுரம் நகருக்குள் இருப்பவர்கள் கீழே சொல்வதைப் பாதி தளர்த்திக்கொள்ளலாம். பாம்பன், மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, தொண்டி என்று கரையை ஒட்டியே குடியிருப்பவர்கள் தளர்த்த வேண்டாம். மன்னார் வளைகுடாப் பக்கம் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்திலும், பாக் நீரிணைப் பக்கம் வடக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்திலும் சன்னலோர மேசை ஆபத்து. தீவுக்காரர்களுக்கு இரண்டு காற்றும் உண்டு.

முதலில் மவுஸ்

பெரும்பாலானவர்கள் பளபளக்கும் கீபோர்டுக்கு முக்கால்வாசிப் பணத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் ஒரு மவுஸ் வாங்குகிறார்கள். குறி பார்த்துச் சுடும் ஆட்டம் ஆடுகிறவருக்கு இது தலைகீழ். 500 ரூபாய்க் கீபோர்டிலும் ஓடலாம், குதிக்கலாம், ரீலோடு செய்யலாம். ஆனால் மவுஸின் அசைவை உணரும் சென்சார் கைவிட்டால் குறி போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை புள்ளி எண்ணும் என்பதுதான் டிபிஐ. 800 டிபிஐ, வாலரன்ட் ஆட்டத்தின் அமைப்பில் சென்சிட்டிவிட்டி 0.4 என்று வைத்தால், ஒரு முழுச்சுற்று திரும்ப மவுஸ் சுமார் 41 சென்டிமீட்டர் நகர வேண்டும். பின்னால் சத்தம் கேட்டுச் சட்டென்று திரும்புவது அதில் பாதி, 20 சென்டிமீட்டர். அதைப் பத்தில் ஒரு நொடியில் இழுத்தால் சராசரி வேகமே நொடிக்கு 2 மீட்டர். நடுவில் உச்ச வேகம் அதையும் தாண்டும். சென்சாரின் தாங்கும் வேகத்தை நொடிக்கு எத்தனை அங்குலம் என்று, அதாவது ஐபிஎஸ் என்று, எழுதுவார்கள். 30 ஐபிஎஸ் என்றால் நொடிக்கு முக்கால் மீட்டர்தான். அலுவலக மவுஸில் அப்படி இழுத்தால் திரை வானத்தையோ தரையையோ பார்த்து நிற்கும். பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் பிஎம்டபிள்யூ 3325 சென்சார் 100 ஐபிஎஸ், அதாவது இரண்டரை மீட்டர்: மிதமாக ஆடுகிறவருக்குப் போதும், கையை வீசி ஆடுகிறவருக்கு விளிம்பு. அதே நிறுவனத்தின் 3360 சென்சார் 250 ஐபிஎஸ். மனிதக் கை அதைத் தோற்கடிப்பது கடினம்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் டிபிஐ எண்ணை நம்ப வேண்டாம். 7,200, 12,800 என்றெல்லாம் போட்டிருப்பதில் பல, குறைந்த எண்ணை மென்பொருளால் பெருக்கி எழுதியவை. ஆடுவதற்கு 800 அல்லது 1,600 போதும். சென்சாரின் பெயர், ஐபிஎஸ், போலிங் ரேட் மூன்றையும் பாருங்கள். சென்சார் பெயரே போடாத மவுஸ் என்றால் கேமிங் என்ற சொல் அட்டைப்பெட்டிக்கு மட்டுமே சொந்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். போலிங் 1,000 ஹெர்ட்ஸ் இருந்தால் 1 மில்லிநொடிக்கு ஒரு முறை கணினிக்குச் செய்தி போகும்; 125 என்றால் 8 மில்லிநொடி.

1,500 ரூபாயை ஒட்டி வாங்குவதற்கு லாஜிடெக் ஜி102 பாதுகாப்பான தேர்வு. வயர் மவுஸ், 85 கிராம், 8,000 டிபிஐ, 1,000 ஹெர்ட்ஸ். சிறிய, நடுத்தரக் கைக்குப் பொருந்தும். பெரிய கைக்கும், உள்ளங்கை முழுக்க மவுஸில் பதியப் பிடிப்பவருக்கும் ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் போன்ற முதுகு உயர்ந்தது வசதி. 6,400 டிபிஐ, எடை மட்டும் கூடுதல். வயர்லெஸ் வேண்டும் என்றால் லாஜிடெக் ஜி304. ஒரே ஒரு டபுள்-ஏ பேட்டரி, பேட்டரியோடு 99 கிராம். சென்சார் நல்லதுதான். ஆனால் பேட்டரி அறையின் சுருள்கம்பி உப்புக்காற்றுக்கு இன்னொரு வாசல். பேட்டரியைப் போட்டபடி மாதக்கணக்கில் விட்டுவிட்டு ஊருக்குப் போகக்கூடாது. அதன் ரிசீவரைக் கணினியின் நீலநிற யூஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் செருகினாலும் தகராறு: யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் கலந்து மவுஸ் திக்கும். ஒரு நீட்டிப்பு வயர் போட்டு ரிசீவரை மவுஸ்பேடு அருகில் கொண்டுவந்தால் தீரும். இந்தத் தலைவலி எல்லாம் வேண்டாம் என்பவருக்கு வயர் மவுஸ்தான் எங்கள் பரிந்துரை. வயரிலும் நூல் பின்னிய உறையைவிட வழவழப்பான ரப்பர் வயர் நல்லது. நூல் உறையில் மணல் தங்கும், விறைப்பாகவும் இருக்கும்.

இன்னொன்றை விளம்பரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் பட்டுப்போல இருக்கும் மென்ரப்பர் பூச்சு உள்ள மவுஸ், வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில் ஒன்றிரண்டு வருடத்தில் வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுக்கும். பூச்சே சிதைந்துபோவதால் எத்தனை துடைத்தாலும் திரும்ப ஒட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அந்தப் பூச்சையே முழுக்கக் கழற்றி எடுப்பதுதான் வழி. பூச்சில்லாத சொரசொரப்பு பிளாஸ்டிக்கே இங்கே உத்தமம்.

டபுள் கிளிக் கோளாறும் உப்பின் உறவினர்தான். இடது பொத்தானுக்குக் கீழே மூன்று கால் கொண்ட சிறு மைக்ரோ ஸ்விட்ச் இருக்கிறது. வீட்டு மின்விளக்கு ஸ்விட்சில் ஓடும் மின்சாரத்துக்குத் தொடுமுனை அழுக்கைச் சுட்டெரிக்கும் வலு உண்டு. மவுஸில் ஓடுவதோ அதன் நிழல்கூட இல்லை. மெல்லிய களிம்புப் படலமே தடையாகிவிடும். தொடர்பு விட்டு விட்டுப் பிடிக்க, ஒரு கிளிக் இரண்டாகிறது. மவுஸைக் கழற்ற அடியில் உள்ள வழுக்குப் பட்டைகளை முடிதிருத்தும் பிளேடால் மெல்ல நெம்பி எடுக்க வேண்டும், ஸ்க்ரூ அதற்கடியில் ஒளிந்திருக்கும். அதே அளவு ஸ்விட்ச் இணையத்தில் சில பத்து ரூபாய். மூன்று சால்டர் (ஈயப் பற்று) புள்ளிதான். மொபைல் பழுதுபார்க்கும் கடையில் அந்த ஸ்விட்சைக் கையில் கொடுத்தால் செய்துதருவார்கள். ஆப்டிகல் கிளிக் ஸ்விட்ச் உள்ள மவுஸில் உலோகத் தொடுமுனை இல்லை, ஒளிதான் மறிக்கப்படுகிறது. கையிருப்பு இடம் கொடுத்தால் கரையோரத்துக்கு அதுவே மேல்.

கீபோர்டில் நான்கு வழி

சாதாரண மெம்பிரேன், சால்டர் செய்த மெக்கானிக்கல், ஸ்விட்ச் கழற்றி மாட்டும் ஹாட்-ஸ்வாப் மெக்கானிக்கல், காந்த ஸ்விட்ச். பட்ஜெட்டில் கிடைப்பவை இவைதான்.

மெம்பிரேன் 400 முதல் 700 ரூபாய்க்குள். உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளிக் கலவை மையால் அச்சடித்த கோடுகள், நடுத்தாளில் ஓட்டைகள். ரப்பர் குமிழ் அழுத்தும்போது மேலும் கீழும் தொட்டுக்கொள்கின்றன. தாள்களுக்கு நடுவே இருப்பதால் தூசி எளிதில் புகாது என்பது லாபம். ஓரத்தில் ஈரம் புகுந்து வெள்ளிக் கோடு ஒன்று கறுத்து அறுந்தால், அந்தக் கோட்டில் உள்ள நாலைந்து கீ ஒரே நேரத்தில் செத்துப்போகும் என்பது நட்டம். ஒரே ஒரு கீ போகாமல் சம்பந்தமில்லாத சில கீ சேர்ந்து போனால் இதுதான் காரணம்.

தூக்கிப்போடுவதற்கு முன் ஒன்று செய்யலாம். முதுகுப்பக்க ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கலாம், விரலால் தடவினால் பள்ளம் தட்டும். திறந்ததும் மூலையில் சிறு பச்சைப் பலகை. தாளின் வால் அதன்மேல் ஒரு பட்டையால் அழுத்தப்பட்டிருக்கும். பட்டையைக் கழற்றி, பலகையின் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, மறுபடி இறுக்குங்கள். கோடு அறுந்திருக்காமல் கோளாறு இந்தத் தொடுமுனையில்தான் என்றால், செத்த கீக்கள் இதிலேயே உயிர்பெறும். தாளின் வாலை மட்டும் ரப்பரால் தேய்க்காதீர்கள், கோடு உரிந்துவிடும்.

ஆட்டத்தில் மெம்பிரேனின் குறை வேறு. கீக்களைப் பின்னலாக இணைத்திருப்பதால் மூன்று கீயைச் சேர்த்து அழுத்தினால் நான்காவதும் அழுந்தியதுபோலத் தோன்றும். அதைத் தவிர்க்க உள்ளிருக்கும் சிப், மூன்றாவது கீயையே கண்டுகொள்ளாமல் விடும். குனிந்தபடி சாய்வாக ஓடிக்கொண்டே குதிக்க முடியாமல் போவது இதனால்தான். கடையிலேயே சோதிக்கலாம்: நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிப்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்லா எழுத்தையும் தட்டுங்கள். விழாத எழுத்து எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டபிள்யூ, ஏ, இடது ஷிப்டு மூன்றையும் பிடித்தபடி ஸ்பேஸ், ஆர், 1 ஒவ்வொன்றாக. இவை தேறினால் அந்தச் சாதாரணக் கீபோர்டே ஆட்டத்துக்குப் போதும். '26 கீ ஆன்டி-கோஸ்டிங்', அதாவது 26 கீக்களில் இந்தக் குழப்பம் வராது என்று அட்டையில் போட்டிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

'மெக்கானிக்கல் ஃபீல்' என்று எழுதியிருப்பதைக் கவனிக்கவும். ஃபீல் என்ற சொல் இருந்தால் அது மெம்பிரேன். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல, இதில் ஒரு கீமூடியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ரப்பர் குமிழ் இருந்தால் அது மெம்பிரேன், நடுவில் கூட்டல் குறிபோல் தண்டு உள்ள தனிப்பெட்டி இருந்தால் மெக்கானிக்கல்.

உண்மையான மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் தனி டையோடு. எத்தனை கீ சேர்த்து அழுத்தினாலும் குழப்பம் வராதபடி செய்ய முடியும். செர்ரி எம்எக்ஸ் சிவப்பு ஸ்விட்ச் 45 சென்டிநியூட்டன் அழுத்தத்தில், 2 மில்லிமீட்டரில் பதிவாகும். முழு ஆழம் 4 மில்லிமீட்டர். பட்ஜெட் கீபோர்டுகளில் வருவது பெரும்பாலும் அவுட்டெமு, கேட்டரான் போன்ற அதே வடிவ ஸ்விட்சுகள். அளவுகள் நெருங்கி வரும். நீல ஸ்விட்ச் கிளிக் கிளிக் என்று சத்தம் போடும், திரும்ப மேலே வர அதிக தூரம் எடுக்கும். சீக்கிரம் சீக்கிரம் தட்டும் ஆட்டத்துக்குச் சிவப்பே சரி. விடியலில் படகேறுகிறவர் உறங்கும் வீட்டில் நள்ளிரவு நீல ஸ்விட்ச் வேறு விதத்திலும் பிரச்சினை.

சால்டர் செய்த மெக்கானிக்கல்தான் இந்தக் கரைக்கு மோசமான பேரம். 1,500 முதல் 2,500 ரூபாய். ஸ்விட்சுக்குள் இரண்டு மெல்லிய உலோக இலைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. தண்டைச் சுற்றிய இடைவெளி வழியாக உப்புத்தூள் நேராக உள்ளே இறங்கும். ஒரு ஸ்விட்ச் களிம்பேறினால் 104 கீயுள்ள கீபோர்டு மொத்தமும் எரிச்சலாகிவிடும். மாற்றவேண்டுமானால் முழுப்பலகையையும் வெளியே எடுத்துச் சால்டரை உறிஞ்ச வேண்டும். உலோகத் தகடு என்று பெருமையாகப் போட்டிருப்பதும் பல மாடல்களில் வண்ணம் பூசிய இரும்புத்தகடு. ஸ்க்ரூ ஓட்டையில் வண்ணம் பெயர்ந்த இடத்தில் முதலில் துரு பூக்கும். அலுமினியம் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் உலோகத்துக்குப் பணம் கொடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கே போதும்.

அதே ஸ்விட்ச், ஹாட்-ஸ்வாப்பில் என்றால் கதையே வேறு. 2,000 முதல் 3,500 ரூபாய். கோளாறான ஸ்விட்சை மேலும் கீழும் உள்ள கொக்கியை இடுக்கியால் அழுத்தி நேராக இழுத்தால் வந்துவிடும். புதியதன் இரண்டு உலோகக் கால்களும் நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, செங்குத்தாக அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் கால் மடங்கி, ஸ்விட்சே பழுது என்று தோன்றும். பாதி பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். மடங்கிய காலை ட்வீசரால் நிமிர்த்தி மறுபடி போடலாம். வாங்குமுன் இரண்டு விஷயம் கேளுங்கள். சில விலை குறைந்த பலகைகளின் துளை அவுட்டெமுவின் மெல்லிய காலுக்கு மட்டும்தான் பொருந்தும், மற்ற நிறுவன ஸ்விட்ச் நுழையாது. மூன்று கால் ஸ்விட்சுக்கான பலகையில் ஐந்து கால் ஸ்விட்ச் போடவேண்டுமானால் ஓரத்துப் பிளாஸ்டிக் கால் இரண்டையும் நகவெட்டியால் நறுக்கினால் போதும்.

காந்த ஸ்விட்சில் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. தண்டில் ஒரு காந்தம், பலகையில் அதை உணரும் சென்சார். உப்புக்கு இங்கே கடிக்க இடம் குறைவு. எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்றும் நாமே வைத்துக்கொள்ளலாம். விலை மற்ற மூன்றையும்விடக் கூடுதல். 3,500-க்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். இடம், வலம் போன்ற எதிரெதிர்க் கீக்களைச் சேர்த்து அழுத்தினால் கடைசியாக அழுத்தியதையே எடுத்துக்கொள்ளும் 'ஸ்னாப் டாப்' மாதிரி வசதி சிலவற்றில் உண்டு. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-வின் அதிகாரப்பூர்வ சர்வர்களில் 2024 ஆகஸ்டிலிருந்து அதற்குத் தடை, ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிடும். அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். உப்புக்காகக் கொடுக்கலாம்.

எண் பகுதி இல்லாத 87 கீ அளவு மவுஸுக்கு இடம் விடும். முன்பு சொன்ன 41 சென்டிமீட்டர் நினைவிருக்கட்டும். ஆனால் பகலில் அதே கணினியில் கருவாட்டுக் கணக்கோ டாலியோ போடுகிற வீட்டுக்கு எண் பகுதி இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கும். முழு அளவே எடுங்கள். வயர் கழற்றும் வகையாக இருந்தால் நல்லது, வயர் போனால் வயரை மட்டும் மாற்றலாம். டைப்-சி துளை இருந்தும் சில மாடல்கள் இருபுறமும் டைப்-சி உள்ள வயரில் வேலை செய்யாது. பெட்டியில் வந்த வயரையே வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பிரிப்பது

1,500 ரூபாய்தான் என்றால் 1,000 மவுஸுக்கு, 500 சாதாரண மெம்பிரேனுக்கு. அரசு கொடுத்த மடிக்கணினியில் ஆடுகிறவர் அதன் கீபோர்டையே வைத்துக்கொண்டு முழுப்பணத்தையும் மவுஸில் போடலாம். 3,000 என்றால் மெக்கானிக்கல் ஆசை வரும் இடம். கரையை ஒட்டிய வீட்டில் அந்த ஆசையைத் தள்ளிவையுங்கள். 1,500 முதல் 1,800 வரை மவுஸ், 600-க்குள் மெம்பிரேன், 400-க்கு 45 சென்டிமீட்டர் அகல மவுஸ்பேடு. நகருக்குள் இருப்பவர் மட்டும் இதே தொகையில் சால்டர் மெக்கானிக்கலை யோசிக்கலாம். 5,000 இருந்தால் 87 கீ ஹாட்-ஸ்வாப் சிவப்பு, நல்ல வயர் மவுஸ், பேடு, பத்து உபரி ஸ்விட்ச். 6,500 வரை போக முடிந்தால் காந்தக் கீபோர்டு. தனுஷ்கோடிச் சாலைப் பக்கம் குடியிருந்தால் அந்தக் கூடுதல் பணம் வீணாகாது.

பேடு பற்றி ஒன்று: துணிப்பேடு ஈரத்தை உறிஞ்சி, வாடைக் காலத்தில் மவுஸ் சேற்றில் இழுப்பதுபோல் கனக்கும். மாதம் ஒருமுறை ஷாம்பு போட்டு அலசி நிழலில் காயவைத்தால் சரியாகும். கண்ணாடி மேசையில் பேடு இல்லாமல் வைத்தால் இந்த விலையில் வரும் சென்சார் எதுவும் பிடிக்காது.

பெட்டி வந்ததும் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒவ்வொரு கீயையும் இருபது தடவை தட்டிப் பாருங்கள். வாரன்டிக்கு நாமே கூரியரில் அனுப்பவேண்டுமா, வந்து எடுத்துக்கொள்வார்களா என்று வாங்குமுன்னே படித்துவிடுவது நல்லது. 600 ரூபாய்ச் சாமானுக்குக் கூரியர் செலவு கட்டுப்படியாகாது. விண்டோசில் மவுஸ் அமைப்புக்குள் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துவிடுங்கள், அது இருந்தால் கை பழகவே பழகாது.

ஆடி முடித்ததும் கீபோர்டைத் துணியால் மூடுங்கள், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். உப்பை உள்ளே கரைத்து அனுப்புவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஏசி அறையில் குளிர்ந்த கீபோர்டின்மேல் சன்னலைத் திறந்து கடற்காற்றை விட்டால் உலோகத்தில் பனி கோக்கும். ஏசியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத் திறக்கலாம். கீ திக்க ஆரம்பித்தால் எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு, பிறகு ஐம்பது தடவை தட்டல். துரு கழற்றும் சாதாரண எண்ணெய் ஸ்பிரே அதற்கு மாற்றில்லை, பிசுக்கு தங்கி மணலைப் பிடித்துவைக்கும். யூஎஸ்பி முனையையும் மாதம் ஒருமுறை நாலைந்து தடவை இழுத்துச் செருகினால் உரசலில் களிம்பு உதிரும். வாங்கிய பத்து உபரி ஸ்விட்சையும் மேசை இழுப்பறையில் போட்டுவைக்காதீர்கள். பார்சலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைச் சேர்த்து, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து எடுக்கும்போது அவற்றின் காலிலும் பச்சை பூத்திருக்கும்.